சிறு பள்ளியின் மாணாக்கர் தொகை

பள்ளியில் எத்தனை பேர் பயில்கின்றனர் என்று கேட்டால், எண் ஒன்றைக் கூறிவிடலாம். அவர்கள் எங்கிருந்து வருகின்றனர், இனி எத்தனை பேர் வருவர் என்பனவோ சேர்க்கைப் பதிவேட்டை ஊன்றிப் படித்தாலன்றி விளங்கா.

மலேசியத் தோட்டப் பள்ளிகள் சிறியனவாகவே பிறந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் நின்ற நிலத்தில், குறைந்த ஆட்களே தேவைப்படும் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. குடும்பங்கள் நகருக்குப் பெயர்ந்தன. பள்ளிகளுள் பல அங்கேயே நின்றன.

மாணாக்கர் தொகை 150க்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளியெனப்படும். முப்பதுக்கும் குறைந்தால், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளை ஒரே வகுப்பாக இணைத்துக் கற்பிக்கும் நிலை வரும்.

இத்தகைய பள்ளியை விழுக்காட்டால் அளப்பது பொருந்தாது. நாற்பது பேர் பயிலும் பள்ளியில் ஒரு பிள்ளை இரண்டரை விழுக்காடு. மும்மூன்று பிள்ளைகளையுடைய இரு குடும்பங்கள் வேலை தேடிச் சென்றால், ஒரே நாளில் 15 விழுக்காடு குறையும். ஆறாம் ஆண்டில் நால்வரே இருப்பின், ஒருவர் பின்தங்குவது 25 விழுக்காடாகத் தோன்றும். இவற்றைக் காணும் பெற்றோர் கற்பித்தலே குறையென்று கருதி, தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுவர். அதனால் தொகை மேலும் குறையும்.

ஆண்டுவாரிக் கணக்கே உண்மையைக் காட்டும். அந்த நாற்பதின்மருள் ஆறாம் ஆண்டில் ஒன்பதின்மரும் முதலாம் ஆண்டில் நால்வரும் இருப்பதாகக் கொள்வோம். அடுத்த ஆண்டு ஒன்பதின்மர் வெளியேற, புதிதாக நால்வரே சேர்ந்தால், எஞ்சுவோர் 35 பேர். ஒருவரும் பள்ளியை வெறுத்துச் செல்லவில்லை. ஆயினும் பள்ளி சுருங்கிவிட்டது.

ஆகவே தலைமையாசிரியர்கள் பதிவேட்டோடு மூன்று கணக்குகளையும் வைத்திருத்தல் நலம். சுற்றுவட்டாரத்தில் ஆறு வயதுக்குட்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்? இப்போது பயில்வோருள் தோட்டத்தில் வாழ்வோர் எத்தனை பேர், வெளியிலிருந்து வண்டியில் வருவோர் எத்தனை பேர்? இவர்களுக்குத் தம்பி தங்கையர் எத்தனை பேர்?

வெளியில் பிள்ளைகள் இருந்தால் வண்டி வசதி தேடலாம். பாலர் வகுப்புத் தொடங்க முயலலாம். எங்குமே இல்லையெனில், தமிழர் மிகுந்த குடியிருப்புக்குப் பள்ளியை மாற்றக் கோரலாம். அக்கோரிக்கை வகுப்பறையில் பிள்ளைகள் இருக்கும்போதே எழ வேண்டும். வெறும் கட்டடத்துக்காக வாதாடுவது கடினம்.