பாட்டும் பொம்மையும் பாடமாகும்போது

கல்வியில் கலைக்கு உள்ள இடத்தைப் பற்றிய பேச்சில் இரண்டு வெவ்வேறு செய்திகள் பெரும்பாலும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஓவியம், இசை, நடனம், நாடகம் ஆகியவற்றைத் தனிப் பாடங்களாகச் சொல்லிக்கொடுப்பது ஒன்று. மொழியையும் கணக்கையும் அந்தக் கலைகளின் துணையோடு சொல்லிக்கொடுப்பது மற்றொன்று. முன்னதைக் கலைக்கல்வி என்றும் பின்னதைக் கலைவழிக் கற்பித்தல் என்றும் பிரித்துச் சொல்லலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எனச் சென்னையின் மேற்கு ஓரத்தில், தொழிற்பேட்டைகளையும் படைக்கலத் தொழிற்சாலைகளையும் ஒட்டிப் பெருகிய ஊர்களின் அரசுப் பள்ளிகளில் இவ்விரண்டும் நடக்கின்றன என்றாலும், மேடையேறும் முதலாவதற்குக் கிடைக்கும் கவனம் வகுப்பறைக்குள்ளேயே முடிந்துவிடும் இரண்டாவதற்குக் கிடைப்பதில்லை.

அந்த இரண்டாவதன் அண்மைக்காலத் தொடக்கப் புள்ளி இவ்வட்டாரத்திலேயே இருக்கிறது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் சிறுவர்களுக்கு ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுகட்டவும், எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைப் போடவும் வகைசெய்யவும் வகுக்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் புழல் ஒன்றியத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். முதல் மூன்று வகுப்புகளுக்கென வந்து, 2023-24 கல்வியாண்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்த இத்திட்டத்தில், குழந்தைகள் வயதைக் கொண்டு அல்லாமல் கற்றல் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என வகைப்படுத்தப்படுகிறார்கள். வகுப்பறையின் மூலைகளோ ஆடல் பாடல் களம், கதைக் களம், படைப்புக் களம், பொம்மலாட்டக் களம் எனப் பெயர் பெறுகின்றன.

இவற்றுள் பொம்மலாட்டக் களம் சற்று நின்று பார்க்கத்தக்கது. பழைய காலுறையிலோ, விரல் நுனியில் மாட்டும் காகிதக் குழலிலோ கண்ணும் மூக்கும் வரைந்து செய்த பொம்மைதான் அங்கே கருவி. செலவு என்று சொல்ல எதுவும் இல்லை. ஆசிரியர் கேள்வி கேட்டால் தலை கவிழ்ந்துகொள்ளும் குழந்தை, கையில் முயல் பொம்மை வந்தவுடன் முயலாகப் பதில் சொல்லத் துணிகிறது. ஏனெனில் சொல் தவறினால் தவறு முயலுடையதே தவிர அதனுடையதன்று. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பகுதி இது என்பதால், தமிழ் வாக்கியம் முழுதாகப் பிடிபடாத பிள்ளைக்கும் கைத்தாளத்தோடும் அபிநயத்தோடும் வரும் பாட்டு முதலில் உடம்பிலும் பிறகு நாவிலும் ஏறுவது இக்களங்களின் இன்னொரு பயன்.

இதனால் மதிப்பெண் கூடுமா என்பது பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. அதற்குக் கலை ஆர்வலர்கள் தரும் விடை பல நேரங்களில் சான்றுகளை மீறிப் போய்விடுகிறது. 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்த சிறு ஆய்வொன்று, மொசார்ட்டின் இசையைக் கேட்ட கல்லூரி மாணவர்களுக்கு வடிவங்களை மனத்தில் திருப்பிப் பார்க்கும் திறன் சில நிமிடங்களுக்கு மட்டும் உயர்ந்ததாகச் சொல்ல, அதுவே ஊதிப் பெரிதாகி, 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க முன்வரும் அளவுக்குப் போனது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ‘புராஜெக்ட் ஜீரோ’ ஆய்வுக் குழுவில் எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும், 1950 முதல் 1999 வரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் இந்த ஆரவாரத்தைத் தணித்தன: கலை பயில்வதே மதிப்பெண்ணைக் கூட்டுகிறது என்று காரண காரியமாக நிறுவ முடியவில்லை. ஆனால் நாடகத்தைப் பற்றிய முடிவு உறுதியாக நின்றது. கதையை வகுப்பில் நடித்துப் பார்க்கும் குழந்தைகளின் மொழித்திறன் வளர்கிறது என்பதும், நடித்த கதையோடு நில்லாமல் நடிக்காத புதிய கதைகளைப் புரிந்துகொள்ளும்போதும் அந்த வளர்ச்சி தென்படுகிறது என்பதுமே அது.

இந்த முடிவைப் படிக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்காரருக்கு அது புதுமையாகத் தோன்றாமல் போகலாம். வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரத விழாவில், பகலில் பிரசங்கியார் பாரதத்தைப் படித்துப் பொருள் சொல்ல, இரவில் அதே கதை தெருக்கூத்தாக ஆடப்படுகிறது. முடிவில் களிமண்ணால் செய்யப்பட்டு நீளப் படுத்திருக்கும் துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் படுகளம் என்னும் சடங்கு நிகழ்கிறது. பாடத்தைக் கேட்பது, பிறகு நடிப்பில் காண்பது, கடைசியில் தானும் அந்நிகழ்வுக்குள் நிற்பது என்ற இந்த வரிசை, பள்ளிக்கூடத்தையே காணாத தலைமுறைகளுக்கு நெடுங்காவியம் ஒன்றைக் கிளைக்கதைகளோடு மனப்பாடமாக்கித் தந்திருக்கிறது. கூத்தில் திரைக்குப் பின்னிருந்து வரும் வேடத்தை மறித்து, ‘நீர் யார், எந்த நாடு, எதற்காக வந்தீர்’ என்று பேச்சுவழக்கில் கேள்வி கேட்கும் கட்டியங்காரன், பாட்டில் சொன்னதை மீண்டும் எளிய மொழியில் சொல்லவைக்கும் ஆசிரியராகவே செயல்படுகிறான். வரலாற்றுப் பாடத்தில் ஒரு மாணவனைக் கட்டியங்காரனாக்கி மற்றவர்களைக் கேள்வி கேட்கவிட்டால், தேர்வுத்தாளில் வரும் வினாக்களில் பாதியை அவனே எழுப்பிவிடுவான்.

கணக்குக்கும் வாசலிலேயே கருவி உண்டு. மார்கழியில் அம்பத்தூர்த் தெருக்களில் ‘ஏழு புள்ளி, நாலு வரை, ஊடுபுள்ளி’ என்று வைக்கும் கோலத்தில், நடுவரிசையில் 7, அதன் இருபுறமும் 6, 5, 4 என ஒவ்வொன்றாகக் குறைய, மொத்தம் 37 புள்ளிகள் வருகின்றன. கூட்டிப் பார்க்காமலே அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வழியைத் தேடும் மாணவி எண்தொடர் என்ற கருத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறாள். இது வெறும் விளையாட்டன்று: தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோல வடிவங்களைக் கணினி மொழிகளுக்குரிய இலக்கணமுறையில் விளக்கும் ஆய்வுக் கட்டுரையை 1974இலேயே வெளியிட்டார்கள்.

பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், அதே பிரிவினருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருப்பது, கலை என்றாலே வண்ணப் பென்சிலை நினைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு நல்ல திருத்தம். கண்ணால் வரைபடம் பார்க்க இயலாத மாணவருக்குக் களிமண்ணில் மலையும் ஆற்றுப் பள்ளமும் பிசைந்து தருவது அலங்காரமன்று; அவருக்கு அதுவே புவியியல்.

தனிப் பாடமாகக் கலை பெறும் இடம் வேறு வகையானது. 2022-23 முதல் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழாவில், பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாகப் போட்டிகள் நடந்து, வெல்பவர்களுக்குக் ‘கலையரசன்’, ‘கலையரசி’ விருதுகள் கிடைக்கின்றன. பறையும் சிலம்பமும் நாட்டுப்புறப் பாடலும் பள்ளி மேடைக்கு வந்தது பாராட்டத்தக்கதே. ஆயினும் போட்டி ஏற்கெனவே திறமையுள்ளவரைக் கண்டெடுக்கிறது. கடைசி வரிசையில் இருப்பவர் அன்றும் பார்வையாளராகவே இருந்துவிடுகிறார்.

அந்தக் கடைசி வரிசை மாணவருக்கும் கலை சொல்லிக்கொடுக்கவே நியமிக்கப்பட்டவர்களின் நிலையோ சொல்லும்படியாக இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் 100 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குக் கலை, உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றது. அதன்படி 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பேர், வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் என்ற ஏற்பாட்டில் சேர்க்கப்பட்டார்கள். தொகை 2024இல் 12,500 ரூபாயாக உயர்ந்தாலும், பணி நிரந்தரமும் மே மாதச் சம்பளமும் கேட்டு அவர்கள் பலமுறை தெருவுக்கு வர வேண்டியிருந்தது.

கலைக்கல்விக்கும் கலைவழிக் கற்பித்தலுக்கும் இடையே கவனிக்கப்படாத விரிசல் ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை பாடத்தோடு பிணைந்திருந்த பாட்டும் பொம்மையும் ஆறாம் வகுப்பில் நின்றுபோக, அங்கே கலை வாரத்தில் சில மணி நேரமே வரும் தனி ஆசிரியரின் பொறுப்பாகிவிடுகிறது. அவருக்கும் கணக்கு ஆசிரியருக்கும் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடும் வாய்ப்பு அரிது. பத்தாம் வகுப்பு வரை கலை கட்டாயப் பாடமாக வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு பரிந்துரைத்திருந்தும், பொதுத்தேர்வு நெருங்க நெருங்க ஓவியப் பாடவேளையைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கேட்டு வாங்கிக்கொள்வது பள்ளிகளில் இன்றும் தொடரும் வழக்கம்.