டேட்டாபேஸ் அப்கிரேட் பாதியில் நின்றதா? பதற வேண்டாம்!

திண்டுக்கல்லில் பூட்டு வியாபாரம் செய்யும் ஒருவர், டெபியன் லினக்ஸ் 11 உள்ள கம்ப்யூட்டரில் கடைக் கணக்கை வைத்திருப்பதாகக் கொள்வோம். கணக்கு முழுவதும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் உள்ளது. சிஸ்டத்தை 2023ல் வெளியான டெபியன் 12க்கு அப்கிரேட் செய்கிறார். பாதியில் கரண்ட் போய்விடுகிறது. திரும்ப இயக்கினால் கணக்கு புரோகிராம் திறக்கவில்லை. பல வருடக் கணக்கும் போய்விட்டதா? பெரும்பாலும் போயிருக்காது. பதற்றத்தில் நாம் செய்யும் அடுத்த வேலைதான் அதை அழித்துவிடும்.

திண்டுக்கல் பூட்டு 2019ல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. போஸ்ட்கிரெஸும் அப்படித்தான். டெபியன் 11ல் வருவது அதன் பதிப்பு 13. டெபியன் 12ல் வருவது பதிப்பு 15. பழைய பதிப்பு எழுதிய பைல்களைப் புதியது நேரடியாகத் திறக்காது. எனவே டெபியன், பழைய டேட்டாவை 13 என்ற போல்டரில் அப்படியே விட்டுவிட்டு, 15 என்ற காலி போல்டரைப் புதிதாக உருவாக்குகிறது.

சரி செய்வது எப்படி?

1. முதலில் பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடிக்க வேண்டும். டெர்மினலைத் திறந்து, சூடோ அனுமதியுடன் "டிபிகேஜி --கான்பிகர் -ஏ" என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டவும். அடுத்து "ஆப்ட் --பிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்" கட்டளையைக் கொடுக்கவும். "லாக்" கிடைக்கவில்லை என்று எர்ரர் வந்தால், வேறொரு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது முடியும்வரை காத்திருக்கவும். லாக் பைலை அழிக்க வேண்டாம்.

2. "பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்" என டைப் செய்திடவும். 13, 15 என இரண்டு வரிகள் கிடைக்கும். வழக்கமாகப் பழையதற்கு 5432, புதியதற்கு 5433 என்று போர்ட் எண் இருக்கும். உங்கள் கணக்கு இருப்பது 13ல்.

3. 13 இயங்கினால், உடனே "பிஜி_டம்ப்ஆல்" மூலம் பேக்கப் எடுத்துப் பென் டிரைவில் வைக்கவும்.

4. புதிய பதிப்பின் காலி இடத்தை "பிஜி_டிராப்கிளஸ்டர் --ஸ்டாப் 15 மெயின்" என்ற கட்டளையால் நீக்கவும். இங்குதான் கவனம் தேவை! 15க்குப் பதில் 13 என டைப் செய்துவிட்டால் கணக்கு முழுவதும் அழிந்துவிடும். என்டர் தட்டும் முன் எண்ணை இருமுறை பார்க்கவும்.

5. "பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 13 மெயின்" கொடுக்கவும். டேட்டா புதிய பதிப்புக்கு மாறி, போர்ட் 5432ம் அதற்கே வந்துவிடும். பழைய டேட்டாவும் டிஸ்கில் இருக்கும் என்பதால், முன்னதாகவே போதிய காலி இடம் இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளவும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. "எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யலாம்" என்று "பர்ஜ்" கட்டளையைத் தொடாதீர்கள். டேட்டா போல்டரையும் நீக்கவா என்ற கேள்வி வரும். அவசரத்தில் சரி என்றால் எல்லாம் போய்விடும்.

அப்கிரேட் முடிந்ததும் கடந்த மாதப் பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். சில நாட்கள் கணக்கு சரியாக ஓடிய பின்னரே பழைய 13ஐ நீக்கவும். அடுத்த முறை, பேக்கப் எடுத்து யு.பி.எஸ். இணைத்த பிறகே அப்கிரேட் கட்டளையைத் தட்டுங்கள்!