‘மலேசியா ஜேட்’ உண்மையில் ஜேட்தானா? வளையல் வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

ஜொகூர் பாரு – தங்கம் வாங்கும்போது 916 முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நம் மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் ஜேட் வளையலுக்கு அப்படிப்பட்ட முத்திரை எதுவும் இல்லை. கடையில் சொல்லும் பெயரை நம்பித்தான் பலர் பணம் கொடுக்கிறார்கள். அந்தப் பெயரே சில வேளைகளில் ஏமாற்றிவிடும்.

இரத்தினக்கல் வணிகத்தில் ‘மலேசியா ஜேட்’ என்று சொல்லப்படுவது பச்சைச் சாயம் ஏற்றிய குவார்ட்ஸ் வகைக் கல். ‘இந்திய ஜேட்’ என்பது அவென்சுரின் எனும் இன்னொரு குவார்ட்ஸ் கல். ‘புதிய ஜேட்’ என்பது செர்பென்டைன். இவை மூன்றுமே ஜேட் அல்ல; உண்மையான ஜேட்டைவிட விலையும் மிகக் குறைவு.

ஒரே பெயரில் இரண்டு கற்கள்

உண்மையான ஜேட் இரண்டே வகைதான்: நெஃப்ரைட், ஜேடைட். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இவை வெவ்வேறு கனிமங்கள் என்பதை 1863இல் பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சிஸ் டமூர் நிறுவினார். மரகதம் என்பது பெரில் எனும் வேறொரு கனிமம். எனவே ஜேட்டை மரகதம் என்று அழைப்பதும் சரியல்ல.

சிறுநீரகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது நெஃப்ரைட் என்ற பெயர். இந்தக் கல் சிறுநீரக நோயைத் தீர்க்கும் என்று ஐரோப்பியர்கள் ஒரு காலத்தில் நம்பினார்கள். அதற்கு மருத்துவச் சான்று கிடையாது.

நெஃப்ரைட்டின் கடினத்தன்மை மோஸ் அளவில் 6 முதல் 6.5 வரை. அதாவது குவார்ட்ஸைவிடக் (7) குறைவு. ஆனாலும் அது எளிதில் உடையாது. அதன் நுண்ணிய இழைகள் கயிற்றில் நார் முறுக்கியதுபோல ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதே காரணம். அதனால்தான் பழங்காலத்தில் அதில் கோடரிகளும் செய்தார்கள். இரும்புச் சத்து கூடினால் பச்சை அடர்த்தியாகும்; குறைந்தால் கல் வெண்மையாகும்.

எங்கே கிடைக்கிறது?

சீனாவின் சின்ஜியாங்கில் உள்ள ஹோத்தான் வெள்ளை நெஃப்ரைட்டுக்குப் புகழ்பெற்றது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, ரஷ்யாவின் பைக்கால் ஏரி வட்டாரம், நியூசிலாந்தின் தென் தீவு ஆகிய இடங்களிலும் கிடைக்கிறது. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் அதை ‘பௌனாமு’ என்று போற்றுகிறார்கள். ஜேடைட்டுக்குப் பேர்போனது மியன்மாரின் கச்சின் மாநிலம்.

தைவானின் ஃபெங்தியன் நெஃப்ரைட்டில் செய்த பழங்கால அணிகள் சரவாக்கிலும் கிடைத்துள்ளன. 2007இல் வெளியான ஆய்வு ஒன்று இதை உறுதிப்படுத்தியது. அவையும் கடல்கடந்து வந்த கல்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை

பொன்னுக்கு உரைகல் என்றால் ஜேட்டுக்குத் தண்ணீர். 0.1 கிராம் வரை காட்டும் மின்னியல் தராசு போதும்.

முதலில் வளையலை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். வளையலை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்கும்படி பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் வளையலின் எடையை வகுங்கள்.

வளையல் 59 கிராம், தராசு காட்டுவது 20 கிராம் என்றால் விடை 2.95. இது நெஃப்ரைட்டுக்குப் பொருந்தும். ஜேடைட் என்றால் 3.3 அளவில் வரும். 2.65 அளவில் வந்தால் அது குவார்ட்ஸாக இருக்கக்கூடும்.

இது முதற்கட்டச் சோதனை மட்டுமே. சில கண்ணாடிகளும் நெஃப்ரைட்டின் அளவைக் காட்டலாம். ஜேட்டுக்கே சாயமோ பிசினோ ஏற்றியிருந்தாலும் எடையில் தெரியாது. விலை அதிகம் என்றால் இரத்தினக்கல் ஆய்வகச் சான்றிதழ் கேட்பதே பாதுகாப்பு. தொட்டால் குளிர்கிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம், குவார்ட்ஸும் குளிரும்.

ரசீதில் என்ன இருக்க வேண்டும்?

‘ஜேட்’ என்று மட்டும் எழுதினால் போதாது. நெஃப்ரைட்டா, ஜேடைட்டா, சாயம் ஏற்றியதா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பொருளைப் பற்றிப் பொய் விவரம் தந்து விற்பது 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம்.

ஏமாற்றப்பட்டவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரிக்கை வைக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்த ரசீதுதான்; அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.