மாட்டுப் பண்ணையைப் படமெடுப்பது

குடும்பமாக மாட்டுப் பண்ணை நடத்துகிறவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டுமானால், முதலில் மாட்டின் ஆண்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் குளிர் விடும் பருவத்தில் பசுக்கள் கன்று ஈனுகின்றன. வசந்தத்தில் கன்றுகளுக்குச் சூடு போட்டு மந்தையை மலை மேய்ச்சலுக்கு ஓட்டுகிறார்கள். மந்தை மேலே மேயும் கோடையில் கீழே புல் அறுத்துக் காயவைக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் மாடுகளைத் திரட்டி இறக்கி, தாயிடமிருந்து கன்றைப் பிரித்து விற்கிறார்கள். பல குடும்பங்களுக்கு வருமானம் என்பது ஆண்டுக்கு அந்த ஒரு விற்பனைதான். அதனால் ஒரு பருவத்தில் மட்டும் வந்து போகும் படக்குழுவுக்கு வேலை தெரியும், வேலையின் காரணம் தெரியாது.

இதை நன்கு உணர்ந்து செய்யப்பட்ட பணி ஒன்று நெவாடா மாநிலத்தின் வடக்கே பாரடைஸ் பள்ளத்தாக்கில் நடந்தது. அங்கே வில்லியம் ஸ்டாக் 1864-இல் தொடங்கிய 'நைன்டி சிக்ஸ்' பண்ணை அவருடைய பேரன் லெஸ்லி ஸ்டூவர்ட் காலத்திலும் குடும்பத்தின் கையிலேயே இருந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டார் வாழ்வியல் மையம் 1978 முதல் 1982 வரை அந்தப் பள்ளத்தாக்குக்கு ஆய்வாளர்களை அனுப்பியது. அங்கே 'பக்கரூ' என்று அழைக்கப்படும் மாடு மேய்ப்பவர்களின் வேலையைப் படமாகவும் ஒலியாகவும் பதிவு செய்தார்கள். 1980-இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அதையொட்டிக் கண்காட்சி நடந்தது. 1985-இல் பண்ணையைப் பற்றிய ஒளித்தட்டு வந்தது. பிறகு 41 அசைபடங்களும் 28 ஒலிப்பதிவுகளும் ஏறத்தாழ 2,400 நிழற்படங்களும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன.

அந்தத் தொகுப்பில் மிக அரிய பகுதி ஆய்வாளர்கள் எடுத்தது அல்ல. 1945-க்கும் 1965-க்கும் இடையில் லெஸ்லி ஸ்டூவர்ட் தாமே கேமரா பிடித்துத் தம் பண்ணையை எடுத்திருந்தார். எந்த வேலை எந்த மூலையில் நடக்கும், எந்த நொடியில் திரும்ப வேண்டும் என்பதை வெளியார் ஒருவர் அவர் அளவுக்கு அறிந்திருக்க முடியாது. இரண்டு காலத்துப் படங்களும் ஒரே இடத்தில் இருப்பதால், ஒரே குடும்பத்தின் ஒரே வேலையைப் பல ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பண்ணைப் படம் எடுக்க வருகிறவர் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய படச்சுருள்களை முதலில் கேட்டு வாங்குவது நல்லது. பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து அவற்றைப் பார்த்தால், யார், எந்தக் குதிரை, எந்த ஆண்டு என்ற விவரமெல்லாம் அவர்கள் வாயாலேயே வந்துவிடும்.

களத்தில் மாடுதான் எசமான். ஆள் நெருங்கினால் மாடு விலகிப் போகும் தூரம் ஒன்று உண்டு. அந்தத் தூரத்துக்குள் தோளுக்குப் பின்பக்கம் நின்றால் மாடு முன்னே நடக்கும். தோளைத் தாண்டி முன்னால் வந்தால் நின்றுவிடும் அல்லது திரும்பும். நேர் பின்னால் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. காட்சி அழகாக வரும் என்று பட்டி வாசலில் கேமராவோடு நிற்கிறவர், காலையிலிருந்து மந்தையைத் திரட்டி வந்தவர்களின் உழைப்பை ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடலாம். தலைக்கு மேல் டிரோன் இரைந்தாலும் குதிரை மிரளும். எங்கே நிற்கலாம் என்பதைப் பண்ணைக்காரரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சூடு போடும் நாளில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கூடும். குதிரையில் இருப்பவர் நீளக் கயிற்றை வீசிக் கன்றின் பின்னங்கால்களில் சுருக்கிட்டு, கயிற்றைச் சேணத்தின் முன்குமிழில் சட்டென்று சுற்றுகிறார். கயிற்றுக்கும் குமிழுக்கும் நடுவே விரல் சிக்கினால் விரலே போய்விடும். கன்றை நெருப்பருகே இழுத்து வந்ததும் ஒருவர் பிடிக்க, ஒருவர் சூட்டுக்கோல் வைக்க, இன்னொருவர் தடுப்பூசி போட, வீட்டுப் பிள்ளைகளும் கைக்கு ஒரு வேலையாக நிற்பார்கள். அருகே போய் எடுத்தால் புகையும் தோலும் மட்டுமே தெரியும். விலகி நின்று அகலமாக எடுத்தால்தான் பாட்டன் முதல் பேரன் வரை யார் யாருக்கு என்ன வேலை என்பது புரியும். இரண்டும் வேண்டும். கன்றுக்கு வலிப்பதை வெட்டி எறிவது நேர்மையாகாது. அதை மட்டும் காட்டுவதும் அப்படித்தான்.

காற்று வீசும் வெட்டவெளியில் ஒலிப்பதிவு தனிப் பாடு. மொன்டானாவில் எடுக்கப்பட்டு 2009-இல் வெளியான 'ஸ்வீட்கிராஸ்' இதற்கு நல்ல பாடம். அது ஆட்டு மந்தையைப் பற்றியது என்றாலும் முறை ஒன்றுதான். இலிசா பார்பாஷும் லூசியன் காஸ்டைங் டெய்லரும் மேய்ப்பவர்கள் உடையில் கம்பியில்லா மைக்கைப் பொருத்தினார்கள். அதனால் மலைச்சரிவில் ஆள் புள்ளியாகத் தெரியும்போதும் அவர் முணுமுணுப்பு காதருகே கேட்கிறது. பின்னணிக் குரல் ஏதும் இல்லை.

ஆனால் குரலில்லாத படத்தில் சொல்ல முடியாதவையும் உண்டு. நெவாடாவின் நிலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு மத்திய அரசுக்குச் சொந்தம். 1934-ஆம் ஆண்டின் டெய்லர் மேய்ச்சல் சட்டத்துக்குப் பிறகு பொது நிலத்தில் மேய்க்க அனுமதிச்சீட்டும் கட்டணமும் தேவைப்பட்டன. சொந்த நிலம் குறைவாக இருந்தாலும் பண்ணை நடப்பது அந்தச் சீட்டை நம்பித்தான். அதைக் குறைத்தால் மந்தையும் குறையும். பெற்றோருக்குப் பின் பாகப்பிரிவினை வந்தால், பண்ணையில் தங்கிய பிள்ளை வெளியூர் போன பிள்ளைகளின் பங்குக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். நிலவிலை ஏறிய ஊரில் மாடு விற்ற காசு அதற்குப் போதாது. இந்தப் பேச்சு சமையலறை மேசையில் நடக்கிறது. அங்கே கேமராவை அனுமதிக்கக் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கம் வேண்டும். அனுமதித்த பின்னும் எதைக் காட்டலாம் என்று வெளியிடும் முன் ஒருமுறை கேட்பதே முறை.

நிலம் இல்லாதவர்களின் பக்கத்தை எமிலி மஹ்தாவியனின் 'பிட்டர்பிரஷ்' (2021) எடுத்துக்கொள்கிறது. ஐடஹோ மலைகளில் பிறருடைய மாடுகளைக் கோடை முழுதும் கூலிக்கு மேய்க்கும் இரண்டு இளம் பெண்களின் கதை அது. குதிரையிலும் கயிற்றிலும் தேர்ந்த அவர்கள், சொந்தமாக மந்தை வைக்க எத்தனை ஆண்டு ஆகும் என்ற கேள்வியோடுதான் வேலை செய்கிறார்கள்.