தராசும் வாயிற்காவலனும்

திருப்பூரையும் அதனைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம் முதலிய ஊர்களையும் அறிந்தார்க்குப் பனியன் துணி எடையால் மதிக்கப்படும் பொருள் என்பது புதிதன்று. நூல் கிலோக் கணக்கில் வருகின்றது. வட்டப் பின்னல் இயந்திரத்தினின்றும் இறங்கும் துணியுருளை கிலோக் கணக்கில் நிறுக்கப்படுகின்றது. பின்னற்கூலியும் சாயக்கூலியும் கிலோவுக்கு இவ்வளவு என்றே பேசப்படுகின்றன. சாயப்பட்டறைக்குச் செல்லும்போது ஒரு முறையும், அங்கிருந்து மீளும்போது ஒரு முறையும் துணி தராசேறுகின்றது. ஆதலின் இவ்வட்டாரத்தில் தராசு வெறுங் கருவியன்று. கூலி கொடுப்பானுக்கும் கொள்வானுக்கும் நடுவே நிற்கும் சான்று. வள்ளுவர் நடுவுநிலைமையை விளக்கத் துலாக்கோலை உவமையாகக் கொண்டதும், திருமறை கள்ளத்தராசைக் கடிந்துரைப்பதும் இதுபற்றியே போலும்.

முன்னாளில் நிறுப்பவர் எடையைக் கூறக் கணக்கர் ஏட்டில் எழுதுவர். இந்நாளில் மின்னணுத் தராசு தன் எண்ணைத் தானே கணிப்பொறிக்கு அனுப்ப வல்லது. அத்தகைய தராசுகள் பல ஆர்.எஸ்.232 என்னும் பழைய தொடர்வழி முறையிற் பேசுவன; புதிய கணிப்பொறிகளிலோ அவ்வாயில் அருகிவிட்டது. ஆகவே யு.எஸ்.பி. இணைப்பான் ஒன்று இரண்டிற்கும் நடுவே துபாசி போல் அமர்த்தப்படுகின்றது. அக்கணிப்பொறி லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குவதாகவும், முன்னிரவில் அவ்வியங்குதளம் புதிய பதிப்பிற்கு உயர்த்தப்பட்டதாகவும் கொள்வோம். காலையில் துணியுருளைகள் அடுக்கப்பட்டுள்ளன. வண்டி வாயிலில் நிற்கின்றது. தராசின் முகத்தில் எண் தெரிகின்றது; கணிப்பொறியிலோ எடை வந்து சேரவில்லை. நேற்றுவரை பேசிய தராசு இன்று ஊமையானது ஏன்? அதனை மீண்டும் பேசச் செய்யும் நெறி யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இஃது ஏதோ மேனாட்டார் பொருள், நமக்கு இதனால் ஆவதென்னை என்று எண்ணுதல் வேண்டா. தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் இடம்பெற்றிருந்தது. அது டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. விலை கொடாது பெறத்தக்கதும், உள்ளமைப்பைத் திறந்து கற்கத்தக்கதுமாகிய ஓர் இயங்குதளம் சிறு தொழிற்கூடங்களுக்குப் பெரிதும் ஏற்றது. ஆனால் அதன் நெறி அறியாதார்க்கு அதன் காவல் தடையாகவே தோன்றும்.

லினக்ஸ் 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவரால் தொடங்கப்பெற்றது. எனினும் அதன் கொள்கைகள் 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்திற் பிறந்த யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தினின்றும் வந்தவை. கருவிகளையும் கோப்புகளைப் போலவே கொள்ளுதல் அக்கொள்கைகளுள் ஒன்று. அச்சுப்பொறியாயினும் தராசாயினும் ‘டெவ்’ என்னும் அடைவில் அதற்கென ஒரு கோப்பு தோன்றும். நம் தராசின் இணைப்பானுக்குப் பெரும்பாலும் ‘டிடிஒய்-யுஎஸ்பி-0’ என்று பெயர் அமையும். அக்கோப்பைப் படித்தால் தராசு சொல்வதைக் கேட்கலாம். அதில் எழுதினால் தராசுக்குக் கட்டளையிடலாம்.

கோப்பு எனின் அதற்கு உரிமையும் உண்டு. உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என ஆட்கள் மூவகையர். படித்தல், எழுதுதல், இயக்குதல் என உரிமையும் மூவகை. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 எனக் கூட்டி, மூவகையார்க்கும் மூன்று இலக்கங்களாக எழுதுவர். 660 என்பதற்கு, உரிமையாளரும் குழுவினரும் படிக்கவும் எழுதவும் பெறுவர், ஏனையோர் ஒன்றும் பெறார் என்பது பொருள். டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் தொடர்வழிக் கருவியின் உரிமையாளர் ‘ரூட்’ என்னும் தலைமைப் பயனர்; குழு ‘டயல்-அவுட்’. தொலைபேசிக் கம்பி வழியே வெளியே அழைக்கும் மோடம் கருவியை யார் யார் ஆளலாம் என்று வரையறுக்க எழுந்த பெயர் அது. மோடம் மறைந்தும் பெயர் மறைந்திலது. சில வகை லினக்சில் அக்குழு வேறு பெயராலும் வழங்கும்.

கருவி செருகப்பட்டதும் அக்கோப்புக்கு உரிமை வகுப்பவர் யார்? ‘யூடெவ்’ என்னும் நிரல். இது 2003ஆம் ஆண்டளவில் வெளிவந்து, 2012இல் ‘சிஸ்டம்டி’ என்னும் பெருந்தொகுப்போடு இணைந்தது. இதனை வாயிற்காவலன் எனலாம். ஒவ்வொரு யு.எஸ்.பி. கருவியும் நுழையும்போதே தன்னைச் செய்தவர் எண்ணையும் தன் வகை எண்ணையும் கூறும். காவலன் அவற்றைத் தன் விதியேட்டோடு ஒப்பிட்டு, இன்னார்க்கு இவ்வுரிமை என வகுப்பான். விதியேடுகள் முதன்மையாக ஈரிடத்தில் உள்ளன. ஒன்று, ‘யுஎஸ்ஆர்’ அடைவின் கீழ், இயங்குதளத்தார் தந்தது. மற்றொன்று, ‘ஈடிசி’ அடைவின் கீழ், கணிப்பொறியைக் காப்பவர் தாமே எழுதுவது. ஒரே பெயருடைய ஏடு ஈரிடத்தும் இருப்பின் பின்னதே செல்லும். இவ்வேற்றுமையை மனத்திற் கொள்க; பின்னர்ப் பயன்படும்.

இனி, உயர்த்திய பின்னர் ஊமையாதற்குரிய காரணங்களை நோக்குவோம். இயங்குதளத்தார் தந்த ஏட்டிலேயே ஒருவர் தம் விதியையும் எழுதி வைத்திருப்பின், புதிய பதிப்பு வரும்போது அவ்வேடு முழுதும் மாற்றப்படும். அவர் விதி அழியும். உயர்த்தாமல் புதிதாக நிறுவியிருப்பின், புதிய பயனர் பழைய குழுவிற் சேர்ந்திரார். 2025இல் வெளிவந்த சிஸ்டம்டி 258ஆம் பதிப்பு மற்றொரு மாற்றத்தைக் கொணர்ந்தது. கருவியின் குழுவாக விதியிற் குறிக்கப்படுவது அமைப்புக் குழுவாகவே இருத்தல் வேண்டும். மக்களுக்கெனப் படைத்த பொதுக் குழுவாயின் அக்குறிப்பு புறக்கணிக்கப்படும். ‘தராசு’ என்று தாமே ஒரு பொதுக் குழுவைப் படைத்துப் பல்லாண்டு நலமே பயன்படுத்தியவர், ஒரு பிழையும் செய்யாமலே ஒரு நாள் வெளியில் நிற்க நேரிடும்.

காரணம் பலவாதலின், மருந்துக்கு முன் நோயறிதல் வேண்டும். முதலிற் செய்ய வேண்டுவது, கணிப்பொறி கூறும் மறுமொழியைச் செவ்வனே படித்தலாம். ‘அத்தகைய கோப்பு இல்லை’ என்பது ஒன்று. ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்பது ஒன்று. ‘கருவி வேறொன்றாற் பயன்படுத்தப்படுகின்றது’ என்பது மற்றொன்று. வீட்டில் ஆளில்லாமையும், ஆளிருந்தும் கதவடைத்தலும், உள்ளே வேறு விருந்தினர் இருத்தலும் தம்முள் வேறானவை அன்றோ?

அதன்பின் படிப்படியாக வினவுக. முதற்படி: ‘எல்எஸ்-யுஎஸ்பி’ என்னும் கட்டளையிட்டால், செருகிய கருவிகள் யாவும் வரிசையாகத் தோன்றும். இணைப்பான் அவ்வரிசையில் இல்லையேல் குற்றம் பெரும்பாலும் கம்பியிலோ துளையிலோ இணைப்பானிலோ உளது. உரிமையைத் தொடுதல் வீண். இரண்டாம்படி: அதற்குரிய கோப்பு தோன்றியதா எனக் காண்க. வரிசையில் இருந்தும் கோப்பு இல்லையேல், ‘டிமெஸ்க்’ என்னும் கட்டளையால் இயங்குதளத்தின் நாட்குறிப்பைப் படிக்க. உயர்த்திய பின் கணிப்பொறியை அணைத்து எழுப்பாமையால், பழைய கருநிரல் ஓட அதற்குரிய துணைநிரல்கள் நீங்கியிருத்தலும் உண்டு. ஒரு முறை மீண்டும் தொடங்கினால் அது தீரும். மூன்றாம்படி: கோப்பு இருப்பின், அதன் குழு யாது, பயனர் எக்குழுக்களைச் சேர்ந்தவர் என இரண்டையும் ஒப்பிடுக. நான்காம்படி: உரிமை சரியாயிருந்தும் பேச்சில்லையேல், வேறு நிரல் கருவியைப் பற்றியுள்ளதா என ஆராய்க.

பயனர் குழுவில் இல்லாமையே காரணம் எனத் தெளிந்தால், ‘உசர்மாட்’ என்னும் கட்டளையால் அவரைச் சேர்க்கலாம். இங்கு ஓர் எச்சரிக்கை. குழுவைக் குறிக்கும் பெரிய ‘ஜி’ எழுத்தின் முன் சிறிய ‘ஏ’ எழுத்தையும் இடுதல் வேண்டும். அவ்வோர் எழுத்தை விடின், அவரை அக்குழுவிற் சேர்த்து, முன்பு சேர்ந்திருந்த ஏனைத் துணைக்குழுக்கள் அனைத்தினின்றும் நீக்கிவிடும். தலைமை அதிகாரம் தரும் குழுவும் அவற்றுள் அடங்குமாதலின், தராசைத் திறக்கப் புகுந்தவர் தம் வீட்டுச் சாவியையே இழந்தவராவர். சேர்த்தபின் வெளியேறி மீண்டும் உள்நுழைந்தாலன்றிப் புதிய உரிமை பலிக்காது. இதனை அறியாமல், மருந்து பலிக்கவில்லையென்று வேறு மருந்து தேடுவோர் பலர்.

தனி விதி வேண்டுமாயின் அதனை ‘ஈடிசி’ அடைவிலேயே எழுதுக. உயர்த்துதல் அதனை அழிக்காது. விதியில் இணைப்பானின் இரு எண்களையும் குறித்தால், அவ்வகைக் கருவிக்கே உரிமை செல்லும். கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவர்க்கு மட்டும் உரிமை தரும் ‘யு-ஆக்சஸ்’ என்னும் முத்திரையும் உண்டு. அதனை இடும் ஏட்டின் பெயர் 73 என்னும் எண்ணுக்கு முற்பட்ட எண்ணிற் றொடங்குதல் வேண்டும். ஏடுகள் பெயர் வரிசையிலேயே படிக்கப்படுதலின், பிற்பட்ட முத்திரை பயன்படாது. எடை குறிக்கும் நிரல் ஆளின்றித் தானே பின்னணியில் ஓடுவதாயின் இம்முத்திரை உதவாது, குழுவே உதவும். விதியை எழுதிய பின் காவலனை ஏட்டை மீளப் படிக்கச் செய்து, இணைப்பானைக் கழற்றிச் செருகுக.

நான்காம்படிக்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 பதிப்பு வெளிவந்தது. அதற்கு உயர்த்தியவருட் பலர், சி.எச்.340 என்னும் சில்லுடைய தம் இணைப்பான்களின் கோப்பு ஒரு கணம் தோன்றி மறைவதைக் கண்டனர். அச்சில்லு மலிவானது, எங்கும் வழங்குவது. அதன் எண்கள் 1ஏ86, 7523. ‘பி.ஆர்.எல்.டி.டி.ஒய்.’ என்னும் நிரலே அதனைப் பற்றிக் கொண்டது என்று நாட்குறிப்பு காட்டியது. அந்நிரல் யாது? கண்ணிழந்தோர் விரலாற் படிக்கும் பிரெயில் கருவிகளைக் கணிப்பொறியோடு இணைப்பது. 1995 முதல் வளர்ந்து வருவது. அமெரிக்க நாட்டிற் கண்ணிழந்த வாசகர்க்கு நூலகத்தார் வழங்கும் பிரெயில் கருவிகளுள் ஒருவகை அதே எண்களைக் கூறுவது. ஆகவே அவ்வெண்களைக் கேட்ட காவலன், வந்தது பிரெயில் கருவியே என மயங்கி அதனை அந்நிரலிடம் ஒப்புவித்தான். இங்கே உரிமையை எவ்வளவு தளர்த்தினும் பயனில்லை என்பது தெளிவு.

அந்நிரலை அடியோடு நீக்கிவிடுக என்பதே பலரும் கூறிய மருந்து. தராசுக்கு அது போதும். ஆயின் அதே கணிப்பொறியிற் கண்ணிழந்த கணக்கர் ஒருவர் பணிபுரிவாராயின், அவர் படிக்கும் வழியையே நாம் அடைத்தவராவோம். செய்யத்தக்கது அவ்விதியேட்டின் படியொன்றை அதே பெயரில் ‘ஈடிசி’ அடைவில் வைத்து, அதில் இவ்விரு எண்களுக்குரிய ஒரு வரியை மட்டும் செயலற்றதாக்குதலே. அவர் கருவியே இவ்வெண்களைக் கொண்டதாயின், தராசுக்கு வேறு சில்லுடைய இணைப்பானை வாங்குதல் நன்று. தராசும் பேசும், அவர் விரலும் படிக்கும்.

இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு? 666 என எழுதி எல்லார்க்கும் திறந்துவிடலாமே. நிரலையே தலைமைப் பயனராக ஓட்டலாமே என்பார் உளர். வண்டி காத்திருக்கும் காலையில் அவ்வறிவுரை இனிதாகவே தோன்றும். ஆனால் 666 என்னும் உரிமையால் அக்கணிப்பொறியில் ஓடும் எந்த நிரலும் தராசோடு பேசவும், அதன் அளவமைப்பை மாற்றும் கட்டளை உளதாயின் அதனை அனுப்பவும் கூடும். தலைமைப் பயனராக ஓடும் நிரலிற் சிறு பிழை நேரினும் கணிப்பொறி முழுதும் அதற்கு இரையாகும். எடையின் மேல் ஐயம் எழுந்தால் அந்த ஐயம் யாரைச் சாரும்? நள்ளிரவில் துணியிறக்கியவரின் கூலியைச் சாரும். நிறுத்தெழுதிய பெண்ணின் நேர்மையைச் சாரும். அவர் அறியாமலே திறந்துவிட்ட கதவுக்கு அவர் பழி சுமத்தல் முறையாகுமா?

ஆதலின் அடைபட்டது எந்தக் கதவென்று கண்டு, அதனை உரியவர்க்கு, வேண்டிய அளவே திறத்தல் நெறி. திறந்தபின் செய்ததையும் நாளையும் காரணத்தையும் ஒரு தாளில் எழுதித் தராசருகே வைத்தல் அதனினும் நன்று. அடுத்த பதிப்பு வரும்போது அங்கிருப்பவர் வேறொருவராகலாம். அத்தாள் அவர் அறிந்த தமிழில் இருத்தல் வேண்டும். ‘கணியம்’ என்னும் மின்னிதழ் 2012இல் தோன்றிக் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கப் புகுந்தமை, இத்துறை நம் மொழிக்கு எட்டாததன்று என்பதற்குச் சான்று. தொழிற்கூடத்துக் குடும்பங்களினின்றும் இக்கல்லூரிக்கு வந்து பயிலும் நாம், விடுமுறையில் வீடு செல்லுங்கால் அத்தகைய தாள் ஒன்றையேனும் எழுதி வைப்போமாயின், கற்ற கல்வி ஒரு தராசின் நேர்மைக்கேனும் துணைநின்றதாகும்.