சிரிக்க வைக்கலாம், சிறுமைப்படுத்தலாகாது

செவிப்புலன் கருவி, சக்கர நாற்காலி, செயற்கைக் கால் ஆகியவற்றை விற்பனை செய்வோர் அவற்றை எவ்வாறு விளம்பரப்படுத்த வேண்டும்? விளம்பரத்துறையினர் பெரும்பாலும் கண்ட விடை இரக்கத்தைத் தூண்டுவதாகவே இருந்து வந்துள்ளது. வாடிய முகமும் சோக இசையும் கொண்ட அவ்விளம்பரங்களில் நகைச்சுவைக்கு இடமிருக்கவில்லை. எனினும், கடந்த கால் நூற்றாண்டில் சிலர் இவ்வழக்கத்தை மாற்றத் துணிந்துள்ளனர். அம்முயற்சிகள் எங்கே வென்றன, எங்கே தவறின என்பதை ஆராய்வது எமது சமூகங்களுக்கும் பயனுடையதாகும்.

நகைப்பு எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கிலிருந்து பிறக்கும் என்று வகுத்த தொல்காப்பியர், பிணியையும் மூப்பையும் நகையின்கீழ் வைக்கவில்லை. அவற்றை இளிவரல் என்ற வேறொரு மெய்ப்பாட்டிலேயே சேர்த்தார். இன்றைய விளம்பரகாரர் சிலர் இந்த எல்லைக்கோட்டை மறந்தபோதே சிக்கல் எழுந்துள்ளது.

2000ஆம் ஆண்டில் நைக்கி நிறுவனம் காலணி ஒன்றுக்காகச் சஞ்சிகைகளில் வெளியிட்ட விளம்பரம் இதற்குச் சான்றாகும். அக்காலணி இல்லாவிடின் மரத்தில் மோதி முதுகெலும்பு நசுங்கி, மின்சக்கர நாற்காலியில் உலகைச் சுற்றித் திரியும் உருக்குலைந்த பிறவியாக நேரிடும் என்று அது கேலி பேசியது. கண்டனங்கள் வலுக்கவே நிறுவனம் மன்னிப்புக் கோரி விளம்பரத்தை மீளப் பெற்றது. அங்கே சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனிதரே நகைப்புக்குரிய பொருளாக்கப்பட்டிருந்தார்.

நகைச்சுவையை முற்றாகத் தவிர்ப்பதும் பாதுகாப்பானதன்று. 1980களின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் லைஃப்கோல் என்ற நிறுவனம், தனித்து வாழும் முதியோர் அவசர வேளையில் உதவி கோருவதற்கான கருவியொன்றை விளம்பரப்படுத்தியது. தாம் விழுந்துவிட்டதாகவும் எழ முடியவில்லை என்றும் ஒரு மூதாட்டி கூறும் அக்காட்சி மிகுந்த சோகத்துடன் படமாக்கப்பட்டிருந்தது. ஆயினும், அச்சொற்றொடர் நாடெங்கும் பரிகாசத்துக்குரியதாகி விட்டது. மிகைப்படுத்தப்பட்ட இரக்கம் எள்ளலில் முடிவதும் உண்டு.

மாறாக, பிரித்தானியாவின் ஸ்பெக்சேவர்ஸ் நிறுவனம் கையாளும் முறை கவனிக்கத்தக்கது. மூக்குக் கண்ணாடியுடன் செவிப்புலன் கருவிகளையும் விற்கும் இந்நிறுவனத்தின் விளம்பரமொன்றில், பார்வை மங்கிய இடையர் ஒருவர் ஆடுகளோடு சேர்த்துத் தமது நாயின் மயிரையும் கத்தரித்து விடுகிறார். பார்வைக் குறைவு இங்கே கேலிக்குள்ளாகவில்லை. கண்களைப் பரிசோதிக்காமல் காலம் கடத்திய அசட்டையே சிரிப்புக்கு உள்ளாகிறது. 2023இல் இதே நிறுவனம், பாடகர் ரிக் அஸ்ட்லி 1987இல் பாடிய புகழ்பெற்ற பாடலை, சொற்களைத் தவறாகச் செவிமடுத்தவர்கள் கேட்பது போன்று அவரைக் கொண்டே மீண்டும் பாடச் செய்தது. கேட்டோர் தமது காதுகளையே சந்தேகித்தனர். செவிப்புலன் பரிசோதனைக்கு அழைப்பு விடுத்த இம்முயற்சி 2024இல் கான் விளம்பர விழாவில் உயர் விருதையும் பெற்றது.

எமது வாசகர்களுக்கு வேறு காரணங்களால் நன்கு அறிமுகமான சனல் 4 தொலைக்காட்சி, 2016இல் ஒரு போட்டியை நடத்தியது. மாற்றுத்திறனாளிகளை மையமாகக் கொண்ட சிறந்த விளம்பர யோசனைக்குப் பத்து இலட்சம் பவுண் பெறுமதியான ஒளிபரப்பு நேரம் பரிசாக வழங்கப்பட்டது. அதனை வென்ற மோல்டீசர்ஸ் இனிப்புப் பண்ட விளம்பரங்கள், ரியோ பராலிம்பிக் போட்டிகளின் ஆரம்ப தினத்தன்று ஒளிபரப்பாகின. நாய் விழுங்கிவிட்ட செவிப்புலன் கருவி பற்றி ஒரு பெண் சைகை மொழியில் கூறுகிறார். திருமண வீட்டில் மணமகளின் பாதத்தின் மீது சக்கர நாற்காலியை ஏற்றிவிட்டதை மற்றொருவர் சொல்லிச் சிரிக்கிறார். மாற்றுத்திறனாளிகளின் உண்மை அனுபவங்களிலிருந்து பெறப்பட்ட கதைகளை மாற்றுத்திறன் கொண்ட நடிகையரே கூறினர். இனிப்புக்கான விளம்பரமாயினும், உதவிக் கருவிகளை விற்போருக்கும் இதில் பாடம் உண்டு.

எனவே, இத்தகைய விளம்பரமொன்றை எடைபோட மூன்று வினாக்கள் போதுமானவை. சிரிப்பு மனிதரை நோக்கியதா, அவர் எதிர்கொள்ளும் சூழலை நோக்கியதா? நகைச்சுவையை ஆக்கியோருள் மாற்றுத்திறனாளிகள் இடம்பெற்றனரா? கருவியை வாங்க வேண்டியவர் அவ்விளம்பரத்தைக் கண்டும் கேட்டும் புரிந்துகொள்ள வசதி உண்டா? செவிப்புலன் கருவிக்கான விளம்பரம் எழுத்து வரிகளின்றி ஒலிபரப்பாவதைக் காட்டிலும் நகைமுரண் வேறில்லை.

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேற்றப்பட்டது. ஐக்கிய நாடுகள் சமவாயத்தை அரசு 2016இல் ஏற்புறுதி செய்தது. அச்சமவாயத்தின் 8ஆம் உறுப்புரை, மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய தப்பெண்ணங்களைக் களைவதிலும் அவர்களைக் கண்ணியமாகச் சித்திரிப்பதிலும் ஊடகங்களுக்குள்ள பங்கை வலியுறுத்துகின்றது.

ஆயினும், சட்டம் புகாத இடங்கள் உள்ளன. உடற்குறையைப் பட்டப்பெயராக்கி அழைக்கும் வழக்கம் எமது ஊர்களில் இன்னும் மறையவில்லை. திரைப்படங்களில் திக்கிப் பேசுவோரும் செவிப்புலன் குறைந்தோரும் நகைச்சுவைக்கு இலகுவான இலக்குகளாகவே இருந்து வந்துள்ளனர். செவிடன் காதிற் சங்கு என்ற பழமொழியைப் பத்திரிகைகளாகிய நாமும் தயக்கமின்றிக் கையாள்கின்றோம். ஒரு சாரார் மற்றொரு சாராரைப் பரிகசிப்பதையும் இழிவான பட்டப்பெயர் சூட்டுவதையும் அல்குர்ஆன் தடை செய்துள்ளதை முஸ்லிம் வாசகர்கள் நன்கறிவர்.

பரிகாசத்துக்கு அஞ்சியே பலர் செவிப்புலன் கருவியை அணியாது, உறவினரின் பேச்சிலிருந்து மெல்ல ஒதுங்கி விடுகின்றனர். யுத்தத்தினாலும் கண்ணிவெடிகளினாலும் அவயவங்களை இழந்தோர் எம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் எம்மோடு சேர்ந்து சிரிக்கக்கூடிய நகைச்சுவை அந்த அச்சத்தைப் போக்கும். அவர்களைப் பார்த்துச் சிரிப்பது அதனை வளர்க்கும். எம்மவர் விளம்பரங்கள் முன்னையதையே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே எமது அவா.