ரிஷிவந்தியம் எந்தக் கணக்கில் வருது? கம்பெனி கேட்டைத் தாண்டிய மனிதவள ஆய்வு

எம்பிஏ முடித்தவர்களுக்கு அந்த புராஜெக்ட் மறந்திருக்காது. ஏதாவது ஒரு கம்பெனி, நூறு ஊழியர்கள், 'மிகவும் திருப்தி'யில் தொடங்கி 'மிகவும் அதிருப்தி' வரை ஐந்து கட்டங்கள். டிக் வாங்கி, சதவீதம் போட்டு, பைண்டிங் செய்து கொடுத்தால் வேலை முடிந்தது. மனிதவள மேம்பாட்டு ஆய்வு என்றாலே பலருக்கும் இந்த ஸ்பைரல் பைண்டிங்தான் நினைவுக்கு வரும்.

சரி, அப்படி ஒரு கம்பெனியே இல்லாத ஊர்ல என்ன பண்றது? நெல்லும் கரும்பும் விளையும் ரிஷிவந்தியம் ஒன்றியத்தின் 'மனிதவளம்' எந்த அறிக்கையில் இருக்கிறது?

இந்தியாவில் இந்தத் துறை பிறந்தது கம்பெனிக்குள்தான். 1970-களின் நடுவில் ஐஐஎம் அகமதாபாத்தைச் சேர்ந்த உதய் பரீக், டி.வி.ராவ் இருவரும் எல் அண்ட் டி நிறுவனத்துக்காக மனிதவள மேம்பாட்டு முறை ஒன்றை வடிவமைத்தார்கள். 1985-ல் மத்திய அரசு தன் கல்வி அமைச்சகத்துக்கே அந்தப் பெயரை வைத்தது. 2020-ல் அது மறுபடியும் கல்வி அமைச்சகம் ஆனது.

ஊழியரிடமிருந்து ஊருக்கு

ஆய்வின் போக்கு இதற்கிடையே மாறிவிட்டது. 'ஊழியருக்குத் திருப்தியா?' என்பதோடு வேறு கேள்விகளும் வந்தன. இந்தப் பகுதி மக்களுக்கு என்ன வேலை தெரியும்? பிழைக்க எங்கே போகிறார்கள்? போகவிடாமல் தடுப்பது எது? தமிழ்நாடு 2003-ல் மாநில மனிதவளர்ச்சி அறிக்கையை வெளியிட்டது. பிறகு மாவட்டவாரியாகவும் அறிக்கைகள் வந்தன. 2015-ல் 20,000 வீடுகளில் தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு நடந்தது.

இதிலெல்லாம் கள்ளக்குறிச்சியைத் தேடினால் கிடைக்காது. ஏன்னா, அப்போ அப்படி ஒரு மாவட்டமே கிடையாது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து அது தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26-ல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநில எழுத்தறிவு 80.09%, விழுப்புரம் மாவட்டத்தில் 71.88%. அந்த ஒரே எண்ணுக்குள் மரக்காணம் கடற்கரையும் திண்டிவனம் டவுனும் ரிஷிவந்தியமும் கல்வராயன் மலையும் அடங்கிவிட்டன. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வும் 2017 மார்ச் மாத மாவட்ட எல்லைகளைத்தான் வைத்துக்கொண்டது. ஆக, அதிலும் கள்ளக்குறிச்சி இல்லை.

எண் இல்லேன்னா என்ன ஆகும்?

2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமத்தைச் சேர்ந்த ஹை குளோரி ஃபுட்வேர் நிறுவனம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் காலணி ஆலை அமைக்க ஒப்பந்தம் போட்டது. 2,302 கோடி ரூபாய் முதலீடு, 12 ஆண்டுகளில் 20,000 பேருக்கு வேலை என்பது திட்டம். காலணி ஆலைகளில் அதிகம் சேர்வது இளம்பெண்கள். எந்த ஒன்றியத்தில் எத்தனை பெண்கள் பத்தாவதோடு நின்றார்கள், யாருக்கு பஸ் வசதி இருக்கிறது, யாருக்கு ஹாஸ்டல் வேண்டும் என்று தெரியாமல் பயிற்சி மையத்தை எங்கே வைப்பது? பெரும்பாலும் ஹைவே ஓரத்தில்தான் வைப்பார்கள்.

அப்போது முதலில் விடுபடப்போவது கல்வராயன் மலை. ஜாகீர்தார்கள் கையில் இருந்த அந்த மலை 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம், மலைவாழ் மக்களின் வாழ்வாதாரம் பற்றித் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலையும் பள்ளியும் மருத்துவ வசதியும் அங்கே விவாதத்துக்கு வந்தன. ஒரு மலையின் நிலைமை வெளியே தெரிய அத்தனை சாவு விழ வேண்டியிருந்தது.

நூறு வருஷ முன்மாதிரி

ஊரை நேராக ஆய்வு செய்யும் முறை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அப்படி ஆய்வுக்கு வந்த ஊர்களில் ஒன்று இருவேல்பட்டு. இன்று அது விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் 1993 வரை அந்த ஊரும் ரிஷிவந்தியமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம்தான்.

1930-களில் மறுபடி போனார்கள். 1980-களின் தொடக்கத்தில் எஸ்.குகனும் ஜோன் மென்சரும் போனார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ.ஜெயரஞ்சன், கே.நாகராஜ் குழு போனது. பெரும் நிலவுடைமைக் குடும்பத்தை நம்பியிருந்த கூலித் தொழிலாளர்கள், வெளியூர் வேலைகளைப் பிடித்து அந்தப் பிடியிலிருந்து மெல்ல விலகியதை இந்த ஆய்வுகள் பதிவு செய்தன. ஐந்து கட்ட டிக்கில் இது சிக்காது. அதே ஊருக்கு, அதே தெருக்களுக்குத் திரும்பத் திரும்பப் போகணும். எம்பிஏ புராஜெக்டுக்குக் கொடுக்கிற 45 நாள் அதுக்குப் பத்தாது.

இனி என்ன?

2025 ஜனவரி முதல் தேசியத் தொழிலாளர் சக்தி ஆய்வு, மாதிரி வீடுகளைத் தேர்ந்தெடுக்க மாவட்டத்தையே அடிப்படை அலகாக எடுக்கிறது. வீடுகளின் எண்ணிக்கையும் சுமார் 1.02 லட்சத்திலிருந்து 2.72 லட்சமாக ஏறியிருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனாலும் மாவட்ட சராசரிக்குள் ரிஷிவந்தியம் சமவெளியும் கல்வராயன் மலையும் மறுபடி ஒன்றாகவே கிடக்கும்.

ஒன்றியமும் கிராமமும் தனித்தனியாகத் தெரிவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான். அடுத்ததற்குக் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. கள்ளக்குறிச்சி என்ற பெயரில் மாவட்டம் எண்ணப்படுவது அதுவே முதல் முறை.